ஜி.ஏ.டி. பாசிட்டிவ்: ஒரு என்சைம் சர்க்கரை நோய்க்கு அடையாளம் சொன்ன வரலாறு

1/
"டாக்டர், ரிப்போர்ட்ல ஆன்டி ஜி.ஏ.டி. பாசிட்டிவ்னு போட்டிருக்கு. நெட்ல பார்த்தா மூளையில இருக்குற என்சைம்னு சொல்றான். பிள்ளைக்கு மூளையில ஏதும் பிரச்சனையா?"

"எனக்கு நெகட்டிவ்னு வந்திருக்கு சார். அப்ப இன்சுலினை நிறுத்திடலாம்ல?"

அடிக்கடி வரும் ரெண்டு கேள்விகள். முதல் கேள்வியில் இருப்பது தேவையில்லாத பயம். ரெண்டாவதில் இருப்பது உயிருக்கே ஆபத்தான தைரியம். ரெண்டுக்கும் பதில் ஒரு வரியில் சொல்லிடலாம். ஆனா அந்தப் பதில் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மறக்காது. அதனால இன்னைக்குக் கொஞ்சம் வரலாறு. நீளமான இழைதான். டீயை எடுத்துக்கிட்டு நிதானமா வாசிங்க.

2/
இந்தக் கதை நம்ம பக்கத்துக்கு ஏன் முக்கியம்?

சர்க்கரை நோய் என்றதும் தொப்பையோடு இருக்கும் 50 வயசுக்காரர்தான் நினைவுக்கு வருவார். ஆனா ஆவுடையார்கோவில், அறந்தாங்கி, மணமேல்குடி மாதிரி ஊர்களில் வயல் வேலையும் கடல் வேலையும் செய்து, எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கும் சர்க்கரை 400ஐத் தாண்டி நிற்கும். 10 வயசுப் பிள்ளைக்கும் வரும்.

ஒல்லியாக இருக்கும் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் அது டைப் 1 ஆக இருக்கலாம். மெதுவாக நகரும் டைப் 1 ஆக இருக்கலாம். கணையத்தில் கல் சேர்ந்ததால் வந்ததாக இருக்கலாம். சின்ன வயசுச் சத்துக்குறைவின் மிச்சமாக இருக்கலாம். சாதாரண டைப் 2 ஆகவும் இருக்கலாம்.

ஐந்துக்கும் வைத்தியம் ஒன்றல்ல. ஆளைப் பார்த்தும் சொல்ல முடியாது. அப்போ எதைப் பார்த்துச் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்த வரலாறு.

3/
முதல் சுற்று எல்லோரும் கேள்விப்பட்டதுதான். வேகமாகக் கடந்துடுவோம்.

1889ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. ஆக, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று கணையத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

1921ல் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் குழு அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். சாவின் விளிம்பில் இருந்த பையன், அதன் பிறகு 13 வருஷம் வாழ்ந்தார்.

இன்சுலின் கிடைத்துவிட்டது. ஆனா "எதனால இன்சுலின் குறைஞ்சுது?" என்ற கேள்வி அடுத்த 50 வருஷம் அப்படியே கிடந்தது.

4/
எல்லாச் சர்க்கரையும் ஒன்றில்லை என்று பரிசோதனையில் காட்டியவர் லண்டனின் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த். வருஷம் 1936. குளுக்கோஸைக் குடிக்க வைத்து, கூடவே இன்சுலினும் போட்டார். சிலருக்குச் சர்க்கரை ஏறவே இல்லை. சிலருக்கு இன்சுலின் போட்டும் ஏறியது. முதல் கூட்டத்துக்கு இன்சுலின் இல்லை. ரெண்டாவது கூட்டத்துக்கு இன்சுலின் வேலை செய்யவில்லை.

1955ல் ஜமைக்காவில் பணிபுரிந்த ஹியூ-ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இவற்றை டைப் 1, டைப் 2 என்று எழுதினார். ஆனா அவரிடம் வந்த சிலர் ரெண்டு பெட்டியிலும் அடங்கவில்லை. உடம்பு ஒல்லி, இன்சுலின் நிறையத் தேவை, ஆனா நிறுத்தினாலும் டைப் 1 மாதிரி உடனே மயங்கி விழவில்லை. அவர்களுக்கு ஜமைக்காவின் முதல் எழுத்தை வைத்து "ஜே டைப்" என்று பெயர் வைத்தார்.

இந்த மூன்றாவது கூட்டத்தை ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில் நம்ம வேலூரில் திரும்ப வருவாங்க.

5/
அந்தக் காலத்தில் தமிழ்நாடு எப்படி இருந்தது?

1948ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனி கிளினிக் ஆரம்பித்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல். பிறகு ராயபுரத்தில் அவர் தொடங்கிய மருத்துவமனையும் ஆய்வு மையமும் இன்றும் இருக்கின்றன.

அப்போது மருத்துவர் கையில் இருந்தவை சிறுநீர்ச் சோதனை, ரத்தச் சர்க்கரை அளவு, நோயாளியின் வயசு, எடை. அவ்ளோதான். எது எந்த வகை என்பதை அனுபவத்தை வைத்தும், ஊசி இல்லாமல் சமாளிக்கிறாரா என்று பார்த்தும்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணிப்பு தவறினால் விலை கொடுப்பவர் நோயாளி.

6/
1965. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் வில்லி கெப்ட்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், சர்க்கரை நோய் வந்து கொஞ்ச நாளிலேயே இறந்துபோன இளம் வயதினரின் கணையங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

கணையத்துக்குள் தீவுகள் மாதிரி சின்னச் சின்ன செல் கூட்டங்கள் உண்டு. அங்கே உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரப்பவை. கெப்ட்ஸ் பார்த்த பல கணையங்களில் அந்தத் தீவுகளைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மொய்த்துக் கிடந்தன.

கிருமி எதுவும் தென்படவில்லை. ஆனா ஊருக்குக் காவல் நிற்க வேண்டிய படை, சொந்த ஊரிலேயே ஒரு தெருவை மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. இதைத்தான் ஆட்டோ இம்யூன் என்கிறோம். தன் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குவது.

7/
இறந்தவர் கணையத்தைப் பார்த்து என்ன பயன்? உயிரோடு இருப்பவர் ரத்தத்தில் தெரிய வேண்டாமா?

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டெபோரா டோனியாக் என்ற மருத்துவர் இருந்தார். தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கும்போது ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்று 1956லேயே ஐவன் ராய்ட்டுடன் சேர்ந்து காட்டியவர். ஆன்டிபாடி என்பது, எதிரி என்று தான் முடிவு செய்த பொருளைப் பிடிக்க நம் உடம்பு செய்யும் புரதம்.

1974ல் அதே இடத்தில் போட்டாசோ, ஃப்ளோரின்-கிறிஸ்டென்சன், டோனியாக் மூவரும் சர்க்கரை நோயாளிகளின் ரத்த நீரை மனிதக் கணையத்தின் மெல்லிய சீவல் மீது ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தார்கள். தீவுகள் மட்டும் பச்சையாக மின்னின. லான்செட் இதழில் வெளியானது. கணையத் தீவுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் கிடைத்துவிட்டது.

8/
ஆனா இதில் ரெண்டு சிக்கல்.

ஒண்ணு, ஒவ்வொரு சோதனைக்கும் மனிதக் கணையத்தின் சீவல் வேண்டும். மினுமினுப்பைக் கண்ணால் பார்த்து அளவு சொல்ல வேண்டும். லண்டனுக்கே கஷ்டம் என்றால் அறந்தாங்கிக்கு எப்போ வந்து சேரும்?

ரெண்டாவது, "தீவுக்கு எதிரா" என்று சொன்னால் போதுமா? தீவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள். அதில் எந்தப் புரதத்தைப் பார்த்து உடம்பு எதிரி என்று நினைக்கிறது?

1982ல் டென்மார்க்கில் ஸ்டெய்னுன் பேக்கஸ்கோவ் குழுவினர், புதிதாகச் சர்க்கரை வந்த குழந்தைகளின் ரத்த நீரைக் கணையத் தீவின் புரதங்களோடு கலந்தார்கள். ஆன்டிபாடி ஒரு புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தது. அதன் மூலக்கூறு எடை சுமார் 64,000. அது என்ன புரதம் என்று தெரியாததால் எடையையே பெயராக்கி "64கே" என்றார்கள். அடுத்த 8 வருஷம் அது ஆள் தெரியாத நம்பராகவே இருந்தது.

9/
இப்போ சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு நோய்க்குப் போறோம். காரணம் இருக்கு, கூடவே வாங்க.

1924ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு 49 வயசு விவசாயி ஒருவர் வந்தார். முதுகும் வயிறும் காலும் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போகும். திடீர்ச் சத்தம் கேட்டால் அப்படியே சாய்வார். இதே மாதிரி 14 பேரைச் சேர்த்து மெர்ஷ், வோல்ட்மன் என்ற மருத்துவர்கள் 1956ல் எழுதினார்கள். "விறைத்த மனிதர் நோய்" என்று பெயர் வைத்தார்கள்.

டைட்டானிக் பாட்டைப் பாடிய செலின் டியான் 2022 டிசம்பரில் தனக்கு இருப்பதாக அறிவித்தாரே, அதே நோய்தான். 10 லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வரும் அபூர்வ நோய்.

10/
1988ல் சொலிமேனா, டி கமிலி குழுவினர் இந்த விறைப்பு நோய் உள்ள ஒருவரின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். அந்த நோயாளிக்கு விறைப்பு நோயோடு வலிப்பும் இருந்தது. கூடவே டைப் 1 சர்க்கரையும்.

அவர் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி, மூளையில் ஒரு குறிப்பிட்ட என்சைமைப் பிடித்தது. அந்த என்சைம்தான் குளூட்டமிக் ஆசிட் டீகார்பாக்சிலேஸ். சுருக்கமாக ஜி.ஏ.டி.

அதன் வேலை என்ன? குளூட்டமேட் என்பது நரம்புகளைத் தூண்டிவிடும் பொருள். அதை ஜி.ஏ.டி. காபா என்ற பொருளாக மாற்றுகிறது. காபா நரம்புகளை அமைதிப்படுத்தும். ஆக்சிலேட்டரை எடுத்து பிரேக்காக மாற்றிக் கொடுக்கும் என்சைம் என்று வச்சுக்குங்க. பிரேக் பிடிக்கவில்லை என்றால் தசை விறைக்கும். கணக்கு சரியாக வருதா?

11/
ஆனா அந்த நோயாளிக்குச் சர்க்கரை ஏன்?

அடுத்தடுத்து விறைப்பு நோயாளிகளைப் பார்த்தபோது அவர்களில் பலருக்கு டைப் 1 சர்க்கரையும் இருந்தது. ஜி.ஏ.டி. மூளையில் மட்டும் இல்லை. உடம்பில் அது அதிகமாக இருக்கும் இன்னொரு இடம் கணையத்தின் பீட்டா செல்!

ஒருபக்கம் எடை மட்டும் தெரிந்த, பெயர் தெரியாத புரதம். இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட அதே எடையில், பெயர் தெரிந்த என்சைம். ரெண்டு குழுவும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தன. 1990ல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. பேக்கஸ்கோவின் 64கேயும் டி கமிலியின் ஜி.ஏ.டி.யும் ஒரே ஆள்.

சர்க்கரை நோயின் அடையாளம் நரம்பு நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்தது. அபூர்வ நோய்க்கு எதுக்குய்யா ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

12/
பெயர் தெரிந்ததும் வேலை எளிதானது. ஜி.ஏ.டி.யில் ரெண்டு வகை உண்டு. சர்க்கரை நோயில் முக்கியமானது 65 என்று எண் கொண்டது. அதன் மரபணு கிடைத்தது. ஆய்வகத்திலேயே அந்த என்சைமைத் தயாரிக்க முடிந்தது. இனி மனிதக் கணையத்தின் சீவல் வேண்டாம். ஒரு குழாய் ரத்தம் போதும். ஆய்வகத்து ஜி.ஏ.டி.யை உங்கள் ரத்தத்தில் உள்ள ஏதாவது பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்க ரிப்போர்ட்டில் இருக்கும் "ஆன்டி ஜி.ஏ.டி. 65" அதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இது உங்கள் ரத்தத்தில் அந்த என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் டெஸ்ட் இல்லை. அந்த என்சைமுக்கு எதிராக உங்கள் உடம்பு செய்து வைத்திருக்கும் ஆன்டிபாடியை அளக்கும் டெஸ்ட்.

13/
இதைப் புரிய வைக்க நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

எங்க ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் சன்னதியில் லிங்கம் கிடையாது. ஆவுடையார் என்ற பீடம் மட்டும்தான். எதிரே நந்தியும் இல்லை. யோகாம்பாள் சன்னதியில் அம்மனின் பாதம் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாததைச் சுவடு வழியாக அறிவது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதுசில்லை.

ஆன்டிபாடியும் ஒரு சுவடுதான். பீட்டா செல்லைக் கொல்லும் வேலையை முக்கியமாகச் செய்பவை டி-செல் என்ற வெள்ளை அணுக்கள். அவை கணையத்துக்குள் செய்வதை நம்மால் வெளியில் இருந்து பார்க்க முடியாது. ஆனா அந்தச் சண்டை நடக்கும்போது ரத்தத்தில் விழும் காலடித்தடம் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி.

தடம் இருந்தால் ஆள் வந்திருக்கிறான் என்று அர்த்தம். தடம் இல்லை என்றால் ஆள் வரவே இல்லை என்று அர்த்தமா? இல்லை. காத்தும் மழையும் தடத்தை அழிச்சிருக்கலாம்ல?

14/
சரி, முதல் கேள்விக்குப் பதில். ஜி.ஏ.டி. பாசிட்டிவ் என்றால் மூளைக்கு ஆபத்தா?

கிட்டத்தட்ட எல்லோருக்கும் இல்லை. விறைப்பு நோயில் இந்த ஆன்டிபாடியின் அளவு டைப் 1 சர்க்கரையில் இருப்பதை விடப் பல மடங்கு அதிகம். சர்க்கரைக்காக டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் வந்த பிள்ளைக்கு, உடல் விறைப்போ வலிப்போ எதுவும் இல்லை என்றால் மூளை ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். அந்தப் பணத்தில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குங்க.

ஆனா தைராய்டு டெஸ்ட் எடுங்க. ஒரு ஆட்டோ இம்யூன் நோய் வந்தவருக்கு இன்னொன்று வர வாய்ப்பு கூடுதல். அதில் தைராய்டு முதலிடம்.

15/
ஜி.ஏ.டி. மட்டும்தான் தடமா? இல்லை, கூட்டாளிகள் உண்டு.

ஊசி போடுவதற்கு முன்பே இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும் என்பது 1983ல் தெரிந்தது. அடுத்து ஐ.ஏ.-2. இது பார்க்க டைரோசின் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் குடும்பத்து முகஜாடை, ஆனா என்சைம் வேலை எதுவும் செய்யாது. 2007ல் துத்தநாகத்தைக் கடத்தும் சிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்ற புரதமும் சேர்ந்தது.

இவற்றில் ரெண்டு அல்லது அதற்கு மேல் பாசிட்டிவ் ஆன குழந்தைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2013ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 10 வருஷத்துக்குள் 100ல் 70 பேருக்கு டைப் 1 வந்தது. அதனால்தான் 2015ல் இருந்து, சர்க்கரை அளவு நார்மலாக இருந்தாலும் ரெண்டு ஆன்டிபாடி இருந்தாலே டைப் 1ன் முதல் கட்டம் என்கிறோம்.

2022ல் அமெரிக்கா டெப்லிசுமாப் என்ற மருந்தை அனுமதித்தது. ரெண்டாம் கட்டத்தில் இருப்பவருக்கு நோய் வெளிப்படுவதைச் சராசரியாக ரெண்டு வருஷம் தள்ளிப்போடுகிறது. விலை நமக்கு எட்டாத உயரம். ஆனா வழி திறந்திருக்கு.

16/
1993ல் பின்லாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இன்னொரு பூதத்தைக் கிளப்பினார்கள். டைப் 2 என்று முத்திரை குத்தி மாத்திரையில் இருந்த பெரியவர்களின் ரத்தத்திலும் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி! பெரியவர்களுக்கு மெதுவாக, பதுங்கிப் பதுங்கி வரும் டைப் 1 இது. லாடா என்பார்கள்.

35, 40 வயசு. ஒல்லி உடம்பு. ஆரம்பத்தில் மாத்திரை கேட்கும். ஒன்றிரண்டு வருஷத்தில் எவ்வளவு மாத்திரை கூட்டினாலும் கேட்காது. எடை இறங்கிக்கொண்டே போகும்.

இவங்களுக்கு வீட்டில் என்ன கிடைக்கும் தெரியுமா? திட்டு. "வாயைக் கட்டலை", "ஒளிஞ்சு இனிப்பு தின்னுறாரு", "மாத்திரையை ஒழுங்காப் போடலை". பாவம், அவர் சோறே பாதியாகக் குறைத்திருப்பார். தப்பு அவர் நாக்கில் இல்லை. அவர் பீட்டா செல்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு ஜி.ஏ.டி. டெஸ்ட் அந்தக் குற்றப்பத்திரிகையைக் கிழித்துப் போட்டுவிடும்.

17/
இதுவரை சொன்னது பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கக் கதை. அங்கே டைப் 1 ஆனவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஜி.ஏ.டி. பாசிட்டிவ். இந்திய ஆய்வுகள் பலவற்றில் இந்த அளவு குறைவு. அதாவது பார்க்க அச்சு அசல் டைப் 1 மாதிரி இருந்தும் தடம் கிடைக்காதவர்கள் நம்மிடம் அதிகம்.

அவர்களில் ஒரு பகுதியினரைக் காட்டிக்கொடுத்தது வேறு என்சைம்.

1959ல் இந்தோனேசியாவில் சுயிடெமா என்பவர் ஏழை, ஒல்லி நோயாளிகளின் எக்ஸ்ரேயில் கணையம் முழுக்கக் கற்களைப் பார்த்தார். அதே காலகட்டத்தில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்து எழுதினார். 1980களில் சென்னையில் டாக்டர் வி. மோகன், விசுவநாதன் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சின்ன வயசில் வயிற்று வலி, பிறகு எண்ணெய் மிதக்கும் மலம், இளம் வயசில் சர்க்கரை. மூன்றும் வரிசையாக வரும்.

18/
கணையத்துக்கு ரெண்டு வேலை. இன்சுலின் சுரப்பது ஒன்று. சாப்பாட்டைச் செரிக்க டிரிப்சின், லைபேஸ், அமைலேஸ் போன்ற என்சைம்களைக் குடலுக்கு அனுப்புவது இன்னொன்று. கல் கணையத்தில் இந்த ரெண்டாவது வேலையும் படுத்துவிடும். அதனால் மலத்தில் என்சைம் அளவு குறையும். அது ஒரு அடையாளம்.

ஏன் இப்படி ஆகிறது? மரவள்ளிக்கிழங்கில் உள்ள நச்சு காரணமோ என்று ரொம்ப நாள் சந்தேகப்பட்டார்கள். கிழங்கே சாப்பிடாதவர்களுக்கும் வந்ததால் அந்தச் சந்தேகம் வலுவிழந்தது. 2002ல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தை இதோடு தொடர்புபடுத்தினார்கள். டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே வெடித்துவிடாமல் பூட்டி வைப்பது அந்த மரபணுவின் வேலை. பூட்டு பலவீனமானால் டிரிப்சின் தன் வீட்டையே செரிக்க ஆரம்பிக்கும்.

இங்கே நாசத்துக்குக் காரணம் ஆட்டோ இம்யூன் இல்லை. அதனால் ஜி.ஏ.டி. பெரும்பாலும் நெகட்டிவ். ஆனா அழிந்த பீட்டா செல் அழிந்ததுதானே? இவர்களில் பலருக்கு இன்சுலின் வேண்டும்.

19/
இன்னொரு பகுதியினருக்குக் கல்லும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. ஒல்லி உடம்பு, வறுமை, இளம் வயசில் சர்க்கரை. ஜமைக்காவில் பார்த்த அந்த மூன்றாவது கூட்டம்.

1985ல் உலக சுகாதார நிறுவனம் "சத்துக்குறைவு சார்ந்த சர்க்கரை நோய்" என்று இவர்களுக்குத் தனி இடம் கொடுத்தது. சத்துக்குறைவு நேரடியாகச் சர்க்கரையைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று சொல்லி, 1999ல் அந்த வகையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.

பட்டியலில் இருந்துதான் பெயர் போனது. ஓ.பி. வரிசையில் இருந்து ஆள் போகவில்லை. சிலருக்கு டைப் 1 என்று அதிக இன்சுலின் போடப்பட்டது, சர்க்கரை திடீரென்று இறங்கியது. சிலருக்கு டைப் 2 என்று "சோத்தைக் குறை, எடையைக் குறை" என்று சொல்லப்பட்டது. ஏற்கெனவே 40 கிலோ இருப்பவர் எதைக் குறைப்பார், சொல்லுங்க?

20/
வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் நிஹால் தாமஸ் குழுவினரும், நியூயார்க்கின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் இவர்களை விடவில்லை. எடைக் குறியீடு 19க்கும் குறைவாக இருந்த இளம் ஆண்களைத் தேர்ந்தெடுத்து, டைப் 1, டைப் 2 உள்ளவர்களோடு நுணுக்கமாக ஒப்பிட்டார்கள். 2022ல் முடிவு வந்தது.

டைப் 2 மாதிரி இன்சுலின் வேலை செய்யாமல் போனது இவர்களின் பிரச்சனை இல்லை. உடம்பு இன்சுலினை நன்றாகவே ஏற்கிறது. சுரப்புதான் குறைவு. அதே நேரம் டைப் 1 அளவுக்கு முழுசாக வற்றிப்போகவும் இல்லை. ரெண்டிலும் சேராத தனி வகை.

2025 ஜனவரியில் வேலூரில் பன்னாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவு கூட்டமைப்பு இதை "டைப் 5" என்று ஏற்று, ஆராயப் பணிக்குழு அமைத்தது. உலகில் 2 முதல் 2.5 கோடி பேர் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆய்வில் இருந்தவர்கள் குறைவு, தனிப் பெயர் இப்போதே அவசரம் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. அந்த வாதம் நடக்கட்டும், நல்லதுதான். ஆனா 1955ல் கவனித்த ஒல்லி மனிதர்கள் 70 வருஷம் கழித்துத் திரும்பவும் பட்டியலுக்கு வந்திருக்கிறார்கள்.

21/
என்சைம் என்று பேசுவதால் ஓர் அவசர எச்சரிக்கை.

டைப் 1 முதல்முறை வெளிப்படும்போது பல பிள்ளைகள் கடும் வயிற்று வலியும் வாந்தியுமாக வருவார்கள். இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் நிலை அது. அப்போது ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்சைம்கள் கணைய வீக்கம் இல்லாமலேயே உயரலாம். "கணைய வீக்கம்", "குடல்வால்", "சூடு பிடிச்சிருக்கு", "பயந்திருக்கான்" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லி ரெண்டு நாள் ஓடினால் பிள்ளையை இழக்க நேரும்.

நல்லா இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கடி சிறுநீர் போகிறதா? ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்ததா? தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறதா? எடை இறங்குகிறதா? அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

கூடவே மூச்சு ஆழமாக வாங்குகிறது, பழ வாசனை அடிக்கிறது, சோர்ந்து விழுகிறது என்றால் உடனே 108. ஆவுடையார்கோவிலில் இருந்து அறந்தாங்கி அரசு மருத்துவமனை சுமார் 14 கிலோமீட்டர். அங்கே ஆரம்பிக்கும் சலைனும் இன்சுலினும் உயிரைக் காப்பாற்றும். ஜி.ஏ.டி. ரிப்போர்ட் பிறகு வரட்டும். அதற்காக இன்சுலின் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

22/
இப்போ ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது? சுருக்கமா:

• இளம் வயசு, ஒல்லி உடம்பு, ஜி.ஏ.டி. பாசிட்டிவ்: டைப் 1 உறுதி. இன்சுலின் ஆயுளுக்கும். "கொஞ்ச நாள் போட்டு நிறுத்தலாம்" என்ற பேச்சே இல்லை.

• பெரியவர், மாத்திரையில் இருக்கிறார், பாசிட்டிவ்: லாடாவாக இருக்கலாம். இன்சுலின் சீக்கிரம் தேவைப்படும். தயங்கித் தள்ளிப்போட வேண்டாம்.

• குண்டான உடம்பு, டைப் 2 மாதிரியே எல்லாம், லேசான பாசிட்டிவ்: முடிவு கட்ட வேண்டாம். நலமாக இருப்பவர்களிலும் 100ல் ஒருவர் இருவருக்கு இது பாசிட்டிவ் வரும்.

• நெகட்டிவ்: டைப் 1 இல்லை என்று அர்த்தம் இல்லை. நோய் வந்து வருஷம் ஆக ஆக ஆன்டிபாடி மறையலாம். வேறு ஆன்டிபாடி இருக்கலாம். கல் கணையமாக இருக்கலாம், அதற்கு வயிற்று ஸ்கேன். கணையத்தில் சுரப்பு எவ்வளவு மிச்சம் என்று அறிய சி-பெப்டைடு டெஸ்ட்.

• பாசிட்டிவ் வந்தவர் வருஷா வருஷம் ஜி.ஏ.டி. எடுக்கத் தேவையில்லை. அளவு கூடினாலும் குறைந்தாலும் வைத்தியம் மாறாது. சில ஆயிரம் ரூபாய் வரை ஆகும் டெஸ்ட் இது. அந்தக் காசைக் கண் பரிசோதனைக்கும் சிறுநீரக டெஸ்டுக்கும் வைங்க.

23/
ரெண்டாவது கேள்விக்கும் பதில் கிடைச்சிருக்கும். "நெகட்டிவ்னு வந்திருக்கு, இன்சுலினை நிறுத்தலாமா?"

கூடாது. ஜி.ஏ.டி. டெஸ்ட் சொல்வது, உங்கள் பீட்டா செல்லை அழித்தது யார் என்பது பற்றி. எவ்வளவு பீட்டா செல் மிச்சம் இருக்கு என்று அது சொல்லவே சொல்லாது. வீட்டில் திருடு போச்சு. திருடன் கைரேகை கிடைக்கலை. அதனால நகை பத்திரமா இருக்குன்னு சொல்வீங்களா?

சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில், சி-பெப்டைடு பார்த்து, இன்சுலினைக் குறைத்து மாத்திரைக்கு மாற்ற முடியும். அது உண்மை. அதை உங்கள் மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டும். "21 நாளில் இன்சுலினில் இருந்து விடுதலை" என்று செல்போனில் வரும் விளம்பரம் செய்யக் கூடாது. டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில், சில நேரம் ஒன்றிரண்டு நாளிலேயே, கீட்டோ அசிடோசிஸ் வந்துவிடும். 1922க்கு முன்னால் லியோனார்ட் தாம்சன் இருந்த இடத்துக்கு நாமே பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற வேலை அது.

24/
மொத்தக் கதையையும் திரும்பிப் பாருங்க. ஆன்டிபாடியைத் தைராய்டு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்தது. என்சைமின் பெயரை விறைப்பு நோயாளி ஒருவரின் ரத்தம் சொன்னது. மாத்திரை கேட்காத நடுத்தர வயசுக்காரர் மேல் இருந்த பழியை அந்த என்சைம் துடைத்தது. அந்த டெஸ்டிலும் பிடிபடாதவர்களை, பெயர் நீக்கப்பட்ட பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது நம்ம வேலூர்.

நோய்க்குச் சரியான பெயர் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. சரியான பெயர் கிடைத்தால் சரியான மருந்து கிடைக்கும், வீட்டில் திட்டு நிற்கும். ஆனா பெயர் கிடைக்கிற வரை ஆள் உயிரோடு இருக்கணும். அதுக்கு இன்சுலின் வேணும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தாலும் போங்க, விடாதீங்க.

உங்க தெருவில், சொந்தத்தில் ஒல்லியா ஒருத்தர் சர்க்கரையோடு இருப்பார். இன்சுலின் போடுற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும். அவங்க வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.